படுத்த படுக்கையா இருக்கற மாமியாரை அன்பாப் பார்த்துக்கறது: அன்றாடம் என்ன செய்யோணும், எப்படிச் செய்யோணும்?

கேட்டவர்: வாய்க்கால்மேட்டு மருமகள், கோபி பக்கம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 74 வயசு. பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துருச்சு. பேச்சு கொழகொழன்னு வருது, ஆனா நாம சொல்றது எல்லாம் புரியுது. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு. "இனி மருந்தை விட அன்புதான் பெருசு"ன்னு வர்றவங்க எல்லாம் சொல்லிட்டுப் போறாங்க. பாசத்துக்குக் குறைவில்லீங்க. விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் அந்தப் பாசத்தை எந்த வேலையில, எப்படிக் காட்டறதுன்னுதான் தெரிஞ்சுக்கோணும்.

அவங்களுக்குக் கயித்துக் கட்டில்தான் பழக்கம், அதுலயே படுக்க வைக்கலாமா? எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடோணும்? சோறு ஊட்டுனா இருமறாங்க. தானா சாப்பிட வெச்சா வட்டல்ல பாதிய அப்படியே விட்டுடறாங்க. பார்க்க வர்ற ஒறம்பரை தலைமாட்டுல உட்கார்ந்து அழுகறாங்க. அத்தையும் "நானு உங்களுக்கு எல்லாம் பாரமாப் போயிட்டேன்"னு சொல்லிட்டே இருக்காங்க. அதுக்கு என்னன்னு பதில் சொல்றது? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: அவினாசி நர்ஸக்கா (வீட்டுக்கே போய்ப் பார்க்கற செவிலியர்)

அம்மணி, எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு. சொல்லாம அவங்க உடம்பைத் தொடாதீங்க. "அத்தை, இப்ப வலது பக்கமாத் திருப்பப் போறேனுங்க"ன்னு சொல்லிட்டு ரெண்டு மூச்சு நேரம் பொறுங்க. வலது கையால கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கச் சொல்லுங்க. திடீர்னு திருப்புனா பயத்துல உடம்பு விறைச்சுக்கும், பாரம் ரெண்டு மடங்காத் தெரியும், உங்க இடுப்பும் போயிரும். சொல்லிட்டுச் செஞ்சா அவங்களே பாதித் தூரம் திரும்பிக் குடுப்பாங்க.

கயித்துக் கட்டில் வேண்டாமுங்க. நடுவுல தொய்ஞ்சு இடுப்பு குழிக்குள்ள போயிரும், மொத்தப் பாரமும் வால் எலும்பு மேல உட்காரும், திருப்பவும் முடியாது. மரக்கட்டில் இல்லாட்டி இரும்புக்கட்டில், மேல நாலு இஞ்ச் மெத்தை, அதுக்கு மேல காத்து மெத்தை. கட்டில் உங்க இடுப்பு உசரத்துக்கு வர்ற மாதிரி கால்களுக்கு அடியில ஆடாத கல்லு வைங்க, குனிஞ்சு குனிஞ்சு உங்க முதுகு கெடாம இருக்கும். அவங்க உட்கார்ந்து எந்திரிக்கப் பழகும்போது கல்லை எடுத்துருங்க. அப்பப் பாதம் ரெண்டும் முழுசாத் தரையில படியற உசரம் வேணும்.

காத்து மெத்தை வாங்கிப் போட்டாப் போதும்னு நிறையப் பேர் நினைச்சுக்கறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. அவங்க படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேரா காத்து மெத்தைக்கு அடியில உள்ளங்கையை விட்டுப் பாருங்க. ஒரு இஞ்சாவது காத்து இருக்கோணும். எலும்பு கையில இடிச்சா மெத்தை வேலை செய்யலைன்னு அர்த்தம். மேல ஒரே ஒரு மெல்லிசு நூல் துணி போதும். மடிச்ச போர்வை, ரப்பர் ஷீட்டுன்னு அடுக்குனா காத்து மெத்தை இருந்தும் இல்லாத மாதிரிதான். கரண்ட் போனா மோட்டார் நின்னுரும், இன்வெர்ட்டர்ல மாட்டி வைங்க.

பகல்ல 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்போணும். தோல் நல்லா இருந்து காத்து மெத்தையும் சரியா ஓடுனா ராத்திரி 3, 4 மணி நேரம் தூங்க விடலாம். முழுசா ஒருக்களிச்சுப் போடாதீங்க, இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால தலகாணி குடுத்து 30 டிகிரி சாய்வா வைங்க. முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு. கெண்டைக்காலுக்கு அடியில நீளவாக்குல ஒண்ணு. குதிகால் மெத்தையில படாம அந்தரத்துல நிக்கோணும். மேல நகர்த்தும்போது இழுக்காதீங்க, தோல் உரியும். பழைய நூல் வேட்டியை நாலா மடிச்சுத் தோள்ல இருந்து தொடை வரைக்கும் அடியில போட்டு வெச்சுட்டீங்கன்னா ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சு அலுங்காமத் தூக்கி வைக்கலாம்.

காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா வால் எலும்பு, ரெண்டு இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, காது மடல், பின்னந்தலை இத்தனையும் பாருங்க. செவந்த எடத்தை விரலால அழுத்தி எடுத்தா வெளுத்துட்டுத் திரும்பச் செவக்கோணும். வெளுக்காம அப்படியே இருந்தா படுக்கைப்புண்ணு ஆரம்பிச்சுருச்சு. கருத்த தோல்ல செவப்பு தெரியாது, அந்த எடம் மட்டும் சூடா, கெட்டியா இருக்குதான்னு தொட்டுப் பாருங்க. பாசத்துல அந்த எடத்தைத் தேய்ச்சு விடாதீங்க, உள்ள இருக்கற சதை நைஞ்சுரும். வட்டமா ஓட்டை வெச்ச குஷனும் வேண்டாம், சுத்தி இருக்கற ரத்த ஓட்டத்தை அது தடுக்குது. அந்தப் பக்கம் பாரமே விழாமப் பார்த்துக்கறதுதான் வைத்தியம். தோல் விட்டுப் போச்சுன்னா மஞ்சத்தூள், பவுடர் எதுவும் போடாதீங்க. கொதிக்க வெச்சு ஆறுன 1 லிட்டர் தண்ணியில 2 டீஸ்பூன் உப்புப் போட்டு அதுல கழுவி, சுத்தமான துணியில மூடி, அன்னைக்கே நர்ஸைக் கூப்பிடுங்க.

டயப்பர் கட்டுனா 2 மணிக்கு ஒருக்கா பாருங்க, மலம் போயிருந்தா அந்த நிமிசமே மாத்தோணும். முன்னால இருந்து பின்னாலதான் துடைக்கோணும், இல்லைன்னா நீர்த்தாரையில கிருமி ஏறும். ஒத்தி எடுத்துட்டு ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிசாப் பூசுங்க. பவுடர் இடுக்குல கட்டியாகி அறுக்கும். கதவைச் சாத்துங்க, புள்ளைகளை வெளிய அனுப்புங்க, கழுவற எடம் தவிர மத்ததைத் துண்டால மூடுங்க. நாத்தம் தாங்கலைன்னா மாஸ்க் போட்டுக்கங்க, தப்பில்லை. மூக்கை மட்டும் சுளிக்காதீங்க. அந்த நேரத்துல அவங்க உங்க மொகத்தைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு: மரத்துப் போன காலுக்குச் சுடுதண்ணிப் பை வைக்காதீங்க. கொப்புளம் வர்றது அவங்களுக்குத் தெரியாது.

பதில்: பிசியோ, ஈரோடு

வட்டல்ல பாதி மிச்சம் வைக்கறாங்கன்னு சொன்னீங்களே, அது எந்தப் பாதின்னு பாருங்க. வலது பாதி காலியாகி இடது பாதி தொடாமக் கிடந்தா சமையல் புடிக்காம இல்லைங்க. உடம்புல இடது பக்கம் விழுந்துச்சுன்னா அடிபட்டது மூளையோட வலது பக்கம். அப்படி அடிபட்டா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே சிலருக்குக் கவனத்துக்கு வராது. கண்ணு நல்லாத்தான் இருக்கும், மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுருது. இது தெரியாமத்தான் "எடக்குப் பண்றாங்க", "வேணும்னே செய்யறாங்க"ன்னு வீட்டுல சண்டை வருது. பாதி தின்னதும் வட்டலை அப்படியே சுத்தி வைங்க, மிச்சத்தையும் சாப்பிடுவாங்க. தண்ணிச் சொம்பும் கூப்பிடற மணியும் வலது பக்கம் இருக்கட்டும். நீங்க உட்கார்ந்து பழமை பேசறது இடது பக்கமா இருக்கட்டும். இடது கையைத் தொட்டு "இது உங்க கைதானுங்க அத்தை"ன்னு சொல்லி, அவங்க வலது கையால அதைப் புடிக்க வைங்க.

அந்தக் கையைப் புடிச்சு இழுத்துத் தூக்கறது, அக்குள்ல கை குடுத்துத் தூக்கறது ரெண்டும் கூடவே கூடாது. தோளைப் புடிச்சிருக்கற சதை வலுவில்லாம இருக்கறதால மூட்டு நழுவிரும். அந்த வலி மாசக்கணக்குல போகாது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் முழங்கையில இருந்து விரல் வரைக்கும் அடியில தலகாணி இருக்கோணும். துணி போடும்போது சீக்குக் கையை முதல்ல நுழைக்கோணும், கழட்டும்போது அதைக் கடைசியா எடுக்கோணும். முன்னால திறக்கற நைட்டி வசதி.

நாளைக்கு 2, 3 தடவை ஒவ்வொரு மூட்டையும் 10 தரம் மெதுவா மடக்கி நீட்டுங்க. கையைத் தோள் உசரத்துக்கு மேல தூக்கறதை நேர்ல பார்க்கற பிசியோ சொல்லிக் குடுத்த பின்னால செய்யுங்க. குதிகாலை உள்ளங்கையில ஏந்தி, பாதத்தை மொகத்துப் பக்கமா வளைச்சு 20, 30 வினாடி புடிச்சு விடுங்க, இல்லைன்னா பாதம் தொங்கிப் போயிரும். விரல் மடங்கிட்டே இருந்தா உள்ளங்கையில சுருட்டுன துணி வைங்க, அதைக் காலையில எடுத்துக் கழுவித் தொடைச்சு வைக்கோணும். மூடுன கைக்குள்ள வேர்வை தங்கிப் புண்ணாகும்.

மனசுல பட்டதை ஒண்ணு சொல்லிடறேனுங்க. பாவம்னு பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா அவங்க முடங்கிருவாங்க. நல்ல மருமகள்கள் இருக்கற வீட்டுலதான் இது ரொம்ப நடக்குது. மொகம் தொடைக்க ஈரத்துணியை வலது கையில குடுத்துட்டு உட்காருங்க. அஞ்சு நிமிசம் ஆகட்டும், கன்னத்துல பாதி விட்டுப் போகட்டும், மிச்சத்தை அப்புறம் நீங்க தொடைச்சு விடுங்க. முதல் 3 மாசம்தான் மூளை வேகமாத் தேறற காலம், 6 மாசம் வரைக்கும் நல்ல மாத்தம் தெரியும், அதுக்கு அப்பறமும் கொஞ்சம் கொஞ்சமா வரும். அந்தக் காலத்துல அவங்க கை செய்யற ஒவ்வொரு வேலையும் மருந்து. காத்திருக்கப் பொறுமை வேணும், அதைத்தான் நீங்க கேட்ட அன்புன்னு நான் சொல்லுவேன்.

பதில்: சோத்துப்போசி, தாராபுரம் (உணவியலர்)

இருமல்னு சொன்னதும் பயமா இருக்குதுங்க. முழுங்கறது எப்படி இருக்குதுன்னு டாக்டரோ பேச்சுப் பயிற்சியாளரோ ஒருக்கா பார்த்தே ஆகோணும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போனா நிமோனியா வரும். சிலருக்கு இருமலே வராமலும் போகும். தின்ன பின்னால குரல் தண்ணி குடிச்ச மாதிரி களகளன்னு மாறுறது, கண்ணுல தண்ணி வர்றது, ரெண்டு நாள்ல காய்ச்சல் இதெல்லாம் அதோட அறிகுறி.

நேரா நிமிர்த்தி உட்கார வைங்க, முதுகுக்கும் இடது பக்கத்துக்கும் தலகாணி. தாடை லேசாக் கீழ பார்க்கோணும். தலையை அண்ணாத்தி ஊத்தறது ரொம்ப ஆபத்து. நீங்க நின்னுட்டு ஊட்டுனா அவங்க மேல பார்ப்பாங்க, தலை தானா அண்ணாந்துரும். அதனால எதுத்தாப்புல, கண்ணுக்கு நேரா உட்கார்ந்து ஊட்டுங்க. அரை டீஸ்பூன், வலது கன்னத்துப் பக்கமா. தொண்டை ஏறி இறங்கறதைப் பார்த்த பின்னாலதான் அடுத்த வாய். அரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, களைச்சுட்டா முழுங்கறது கெட்டுப் போகும். தூக்கக் கலக்கத்துல ஊட்டவே கூடாது. முடிஞ்சதும் இடது கன்னத்துக்குள்ள விரல்ல துணி சுத்திப் பாருங்க, அங்க ஒரு வாய்ச் சோறு ஒதுங்கி இருக்கும், அவங்களுக்கே தெரியாது. அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கோணும். காலையும் ராத்திரியும் பல்லு விளக்கி விடுங்க, வாய் சுத்தமா இருந்தாலே நுரையீரல் சளி குறையும்.

முழுங்க ரொம்பச் சிரமமானது வெறும் தண்ணிதான், சட்டுனு ஓடிரும். கரண்டியில இருந்து மெதுவா விழுகற பதத்துல ராகிக் கூழ், மசிச்ச வாழைப்பழம், தயிர் மாதிரி ஒரே பதமா இருக்கறது எளிது. அரிசிம்பருப்புச் சோறு நல்லாக் குழைய வெச்சு மசிச்சு நெய் விட்டுக் குடுக்கலாம், தாளிச்ச கடுகு, கருவேப்பிலை, வரமிளகாயை எடுத்துருங்க. தண்ணியும் கட்டியும் கலந்த ரசம்சோறு, டீயில நனைச்ச ரொட்டி இது ரெண்டும் வேண்டாம். வாய்க்குள்ள தண்ணி தனியா, கட்டி தனியாப் பிரியும். முறுக்கு, பொரி, கடலை பக்கத்துலயே வைக்காதீங்க.

50 கிலோ எடைக்கு நாளுக்கு 50 கிராம் புரதமாவது வேணும், புண்ணு இருந்தா இன்னும் எச்சா. ஒரு முட்டையில 6 கிராம், 200 மில்லி பால்ல 6 கிராம்தான் இருக்குது, அதனால கஞ்சியை மட்டும் நம்பாம பருப்பு, தயிர், பாசிப்பயறு மாத்தி மாத்திக் குடுங்க. கிட்னிக் கோளாறு இருந்தா அளவை டாக்டர் சொல்லோணும். இருதய, கிட்னி நோய் இல்லைன்னா நீராகாரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர். மூத்திரம் அடர் மஞ்சளா இருந்தா பத்தலைன்னு அர்த்தம். 3 நாள் வெளிக்கிப் போகலைன்னா சொல்லிருங்க. உப்பு நாள் முழுசுக்கும் ஒரு டீஸ்பூனுக்குக் கீழ. மாத்திரையை நீங்களாப் பொடி பண்ணாதீங்க, சிலதுல மேல்பூச்சு இருக்கும், சிலது மெதுவாக் கரையற வகை. மருந்துக்கடையில கேட்டு மாத்தி வாங்குங்க.

அப்பறம், எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சு ஊட்டாதீங்க. "இது தயிருங்க, இது கீரைங்க, எது முதல்ல?"ன்னு கேளுங்க. ருசியைத் தேர்ந்து எடுக்கற உரிமை நோயாளிக்கும் உண்டு.

பதில்: நொய்யல்கரை, திருப்பூர் (தணிப்புச் சிகிச்சைத் தன்னார்வலர்; நோயோட வலியையும் வேதனையையும் குறைக்கற கவனிப்புதான் தணிப்புச் சிகிச்சை)

ஒறம்பரை சமாச்சாரத்துக்கு வர்றேனுங்க. வர்றவங்க பாசத்தோடதான் வர்றாங்க. ஆனா "எப்படி இருந்த மனுசி இப்படி ஆயிட்டாளே"ன்னு தலைமாட்டுல உட்கார்ந்து சொன்னா படுத்திருக்கறவங்க காதுலயும் அது விழுகுது. வாசல்லயே நிறுத்தி, தண்ணி குடுத்து, "அழுகறதா இருந்தா இங்கயே அழுதுட்டு உள்ள வாங்க"ன்னு நேராச் சொல்ற பொறுப்பை வீட்டுல ஒருத்தர் எடுத்துக்கோணும். மருமகள் சொன்னா கோவிச்சுக்குவாங்க, அதனால உங்க வீட்டுக்காரர் சொல்லட்டும். ஒரு நேரத்துக்கு ரெண்டு பேரு, இருபது நிமிசம். வலது கையைப் புடிச்சுட்டு காட்டுல மஞ்சள் எப்படி இருக்குது, தேங்கா என்ன விலை போகுது, நோம்பி சாட்டியாச்சான்னு பேசட்டும். கொண்டாந்த பன்னு, பிஸ்கட்டை "ஒரு வாய் தின்னு ஆத்தா"ன்னு படுக்கையிலயே வாயில வைக்கறதை மட்டும் கண்டிப்பாத் தடுங்க. பேரன் பேத்தி போற வர்ற ஆசாரத்துலயே கட்டிலைப் போடுங்க. பின்கட்டு ரூமுக்குள்ள போட்டா வீடு அவங்களை மறந்துரும், அவங்களும் வீட்டை மறந்துருவாங்க. துணி மாத்தற நேரத்துக்கு மட்டும் கயிறு கட்டிச் சேலையை மறைப்பாப் போட்டுக்கலாம்.

நீங்க கேக்காத ஒண்ணு இருக்குது. உங்களை யாரு பார்த்துக்கறாங்க? ஒரே ஆளு ராப்பகலாப் பார்த்தா கொஞ்ச நாள்ல கோவம் தானா வரும், அது கெட்ட மனசால வர்றதில்லை, தூக்கம் இல்லாததால வர்றது. நாத்தனார், கொழுந்தனார் இருந்தா "முடிஞ்சப்ப வாங்க"ன்னு சொல்லாதீங்க, அப்படிச் சொன்னா யாரும் வர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில இருந்து பொழுதோட வரைக்கும் யாரு, வாரத்துல எந்த ராத்திரி யாருன்னு காலண்டர்ல பேரு எழுதி மாட்டுங்க. பணம் அனுப்பறவங்களும் ஒரு நாள் வந்து திருப்பிப் போடட்டும். ஒரு நோட்டுப் போடுங்க: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்புனது, எவ்வளவு சாப்பிட்டாங்க, வெளிக்கிப் போனது, தோல் எப்படி. ஆளு மாறுனாலும் வேலை மாறாம இருக்கும்.

அரசோட "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டுல இருந்து நடக்குது. பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும் இல்லாம பிசியோவும் தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வர்றது அதுல உண்டு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க. தணிப்புச் சிகிச்சைன்னதும் புத்துநோய், சாகப் போறவங்களுக்குன்னு பயந்துக்க வேண்டாம், நாள்பட்டுப் படுத்திருக்கற யாருக்கும் அது பொருந்தும். 1967ல லண்டன்ல அதுக்குன்னே மருத்துவமனை தொடங்குன சிசிலி சாண்டர்ஸ், வலின்னா உடம்பு வலி மட்டும் இல்லை, மனசு, உறவு, நம்பிக்கை எல்லாத்தோட வலியும் சேர்ந்ததுன்னு சொன்னாங்க. நம்ம பக்கத்துல கோழிக்கோட்டுல 1993ல தொடங்குன அமைப்பைப் பார்த்து, கேரளாவுல அக்கம்பக்கத்துச் சனங்களே பழகிக்கிட்டு வீடு வீடாப் போறாங்க. உங்க தெருவுலயும் நாலு பேருக்குத் திருப்பிப் போடத் தெரிஞ்சா உங்களுக்கு ஒரு கல்யாணம் காட்சிக்குப் போய் வர முடியும்.

கேட்டவர்: வாய்க்கால்மேட்டு மருமகள்

ரொம்ப நன்றிங்க. வட்டல்ல மிச்சம் இருக்கறது இடது பாதிதானுங்க! "பாரமாயிட்டேன்"கறதுக்கு மட்டும் இன்னும் வழி தெரியலை. "அப்படி எல்லாம் பேசாதீங்க"ன்னுதான் வாயில வருது.

பதில்: அவினாசி நர்ஸக்கா

அப்படிச் சொன்னா பேச்சு அங்கயே நின்னுரும், நினைப்பு நிக்காது. கையில இருக்கற வேலையை வெச்சுட்டுப் பக்கத்துல உட்காருங்க. "எதை நினைச்சா ரொம்ப வெசனமா இருக்குதுங்க அத்தை?"ன்னு கேட்டுட்டுச் சும்மா இருங்க. கொழகொழப் பேச்சு வெளிய வர நேரம் ஆகும், வார்த்தையை நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. பெரும்பாலும் பதில் சின்னதாத்தான் இருக்கும்: மகன் முன்னால டயப்பர் மாத்தறது கூச்சமா இருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு உறுத்தலாம், ராத்திரி உங்களை எழுப்பறது கஷ்டமா இருக்கலாம். அது எதுன்னு தெரிஞ்சா அதைச் சரி பண்ணலாம்.

வீட்டுல அவங்களுக்கு ஒரு வேலை வேணும். நாளைக்கு என்ன சோறாக்கறதுன்னு அவங்க சொல்லட்டும். மொச்சைக்காயை ஒத்தைக் கையால உரிக்க முடியும், தட்டத்துக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது. பால்காரர் கணக்கை அவங்க கிட்டயே கேளுங்க. செஞ்சது தப்பா இருந்தாலும் அவங்க கண்ணு முன்னால திருத்தாதீங்க.

அதோட, பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு நோய் வருது. காரணமே இல்லாம அழுகை பொங்கறதும் மூளை அடிபட்டதால வரலாம், அப்ப "ஏன் அழுகறீங்க"ன்னு துருவாம பேச்சை வேற பக்கம் திருப்புங்க. ரெண்டு வாரத்துக்கு மேல சோறு இறங்கலை, தூக்கம் இல்லை, யாரையும் பார்க்கப் புடிக்கலை, சாகோணும்னு பேசறாங்கன்னா அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருக்காம டாக்டர் கிட்டச் சொல்லிருங்க. அதுக்கு மாத்திரை இருக்குது. வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், அதுக்குள்ள "ஒண்ணும் கேக்கலை"ன்னு நிறுத்திராதீங்க.